தூரத்திலிருந்து பார்த்தால் தரிசு

ஃபேரர் பார்க்கில் காற்றாலை எதிர்ப்பாளர் என்று ஒருவர்கூடக் கிடையாது. பெக்கியோ சந்தை உணவு நிலையத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் மேசையைச் சுற்றி உட்காருகிற அத்தனை பேரும் ஆதரவாளர்கள்தான். பூமி சூடாகிறது, நிலக்கரி ஆகாது, பேரப்பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்பதையெல்லாம் கோப்பி ஆறுவதற்குள் பேசி முடித்துவிடுவோம். இவ்வளவு ஒற்றுமைக்குக் காரணம் இருக்கிறது. சிங்கப்பூரில் காற்றின் சராசரி வேகம் விநாடிக்கு 2 மீட்டர். வணிக அளவில் மின்சாரம் எடுக்க 4.5 மீட்டருக்கு மேல் வேண்டும் என்று எரிசக்திச் சந்தை ஆணையமே சொல்லிவிட்டது. ஆகவே எங்கள் புளோக்கின் சன்னலுக்கு எதிரே எந்தக் காலத்திலும் ஒரு காற்றாடி வந்து நிற்கப்போவதில்லை. வரவே வராத ஒன்றை ஆதரிப்பதில் தனி நிம்மதி உண்டு.

நான் பிறந்த ஊரில் காற்றைத் தவிர வேறு எதுவும் இல்லை. காவல்கிணறுக்குக் கிழக்கே ஒரு சிற்றூர். தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையையெல்லாம் மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்துக்கும் நாஞ்சில் நாட்டுக்கும் கொடுத்துவிட்டு, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வெறுங்கையோடு எங்களிடம் வரும். வைகாசிக் கடைசியில் தொடங்கினால் புரட்டாசி வரைக்கும் விடாது. கூரை ஓலைக்கு மேல் பனைமட்டை, மட்டைக்கு மேல் கல். காயப்போட்ட சேலையை வடலிக்காட்டில் போய்த் தேட வேண்டும். சைக்கிளில் மேற்கே போகிறவன் இறங்கித் தள்ளுவான். கிழக்கே வருகிறவனுக்கு மிதிக்கிற வேலையே இல்லை. வெளியூர்க்காரர்கள் எங்கள் ஊருக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள். "அந்தக் காத்துல பிள்ள எப்படி வே அடுப்பு பத்த வைக்கும்?" என்று கேட்டுவிட்டு, தாம்பூலத்தைத் தொடாமல் எழுந்து போனவர்கள் உண்டு.

ஊரின் மேற்கே கிடந்த வெளிக்கு அரசாங்கக் கணக்கில் தரிசு என்று பேர். ஆடுகளுக்கு அந்தக் கணக்கு தெரியாது. வருடம் முழுவதும் அங்கேதான் மேய்ந்தன. பெண்கள் உடைமுள் வெட்டியதும் பனம்பழம் பொறுக்கியதும் அங்கேதான். அரைகுறை மழைக்குச் சிலர் அங்கே காணம் விதைப்பதும் உண்டு. எங்கள் குடும்பத்துக்கும் அந்த வெளியில் கொஞ்சம் பட்டா நிலம் இருந்தது. என் பெரியப்பா அதன் வரப்பில் நின்று அடிக்கடி சொல்வார்: "இந்தக் காத்த எவனாவது வெலைக்குக் கேட்டாம்னா, மாடன் கோயில் உண்டியல்ல பத்து ரூவா போடுதேன்."

கேட்பதற்கு முன்னால் அளந்தார்கள். பீர்மேட்டில் பிறந்த வானிலை அறிவியலாளர் அன்னா மணி, இந்திய வானிலைத் துறையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நாடெங்கும் காற்றை அளக்கும் வேலைக்குத் தலைமை ஏற்றிருந்தார். எண்பதுகளில் கணவாய்ப் பக்கம் மெலிந்த இரும்புக் கம்பங்கள் முளைத்தன. உச்சியில் கிண்ணங்கள் சுற்றிக்கொண்டே இருந்தன. அடுத்தாற்போல மகேந்திரகிரியில் இஸ்ரோ இருந்ததால், எந்தக் கம்பத்தைக் கண்டாலும் ராக்கெட் என்று சொல்லிப் பழகியிருந்தோம். இதையும் ராக்கெட் என்றே முடிவு செய்து, ஆட்டை அந்த நிழலில் விட முயன்றோம். நிழல் போதவில்லை. கணவாய்ப் பக்கத்து முப்பந்தலில் காற்றின் ஆண்டுச் சராசரி விநாடிக்கு 7 மீட்டரை ஒட்டி வருகிறது என்று அந்தக் கிண்ணங்கள் கண்டுபிடித்ததை, அந்தக் காற்றில் குடியிருந்த எங்களிடம் வந்து எவரும் சொல்லவில்லை. எங்களுக்குத்தான் தெரியுமே என்று நினைத்திருக்கலாம்.

1986-இல் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் முள்ளக்காட்டில் தமிழ்நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணை எழுந்தது. 1990 வாக்கில் டென்மார்க் அரசின் உதவியோடு கயத்தாற்றிலும் முப்பந்தலிலும் காற்றாடிகள் நின்றன. அதற்கப்புறம் தனியார் வந்தார்கள். அவர்களைத் தெற்கே இழுத்து வந்தது எங்கள் காற்றைவிட தில்லியின் வருமான வரிச் சட்டம்தான். காற்றாடி வாங்கினால் அதன் முழு விலையையும் முதல் வருடத்திலேயே தேய்மானம் என்று அப்போது கழித்துக்கொள்ள முடிந்தது. லாபம் பார்த்த நூற்பாலைக்காரர்களும் சிமெண்ட் ஆலைக்காரர்களும் மார்ச் மாதத்துக்குள் இயந்திரத்தை நிமிர்த்திவிட ஓடி வந்தார்கள். காற்று வைகாசியில்தான் வரும் என்பது அவர்களுக்குப் பொருட்டாக இருக்கவில்லை; நிதியாண்டு பங்குனியிலேயே முடிந்துவிடுகிறது.

எங்கள் ஊர் விவாதம் 1993-இல் சுடலைமாடன் கோயில் முன்னால் நடந்தது. விவாதம் என்று இப்போது மரியாதையாகச் சொல்கிறேன். ஒரு தரகர், ஒரு சர்வேயர், வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர், எதிரே ஊர்ப் பெரியவர்கள். எழுந்த ஆட்சேபணைகள் மூன்று. முதலாவது, மாடன் ராத்திரி வேட்டைக்குப் போகிற வழியில் கம்பம் நடலாமா? கொடைக்கு வருடாவருடம் கம்பெனி ஒரு தொகை தரும் என்றதும் மாடன் வேறு வழியாகப் போகச் சம்மதித்துவிட்டார். இரண்டாவது, காவல் வேலை யாருக்கு? ஊர் ஆட்களுக்கே என்றார்கள். மூன்றாவது, கோயில் முன்னால் ஒரு டியூப்லைட். அதற்கும் சரி என்றார்கள். ஆடு எங்கே போகும் என்று கேட்க ஆட்டுக்காரர்கள் அங்கே இல்லை. ஆடு மேய்க்கப் போயிருந்தார்கள். விறகு எங்கே வெட்டுவது என்று கேட்க வேண்டியவர்கள் வெட்டிக்கொண்டிருந்தார்கள். கூட்டம் வெற்றிலை மென்று முடிவதற்குள் கலைந்தது. பெரியப்பா சொன்ன சொல் தவறாமல் உண்டியலில் பத்து ரூபாய் போட்டார்.

எங்கள் பங்கு நிலம் விற்ற பணம் என்ன ஆயிற்று என்பதற்கு நான்தான் சாட்சி. என்னைச் சிங்கப்பூருக்கு அனுப்பிய ஏஜெண்டுக்கு அது போயிற்று. காற்றை விற்றுக் காற்றில்லாத ஊருக்கு வந்து சேர்ந்தேன். வந்த புதிதில் ஞாயிறு மாலைகளில் ரேஸ் கோர்ஸ் சாலையைத் தாண்டி இருந்த திடலில், என்னைப் போன்றவர்களோடு புல்லில் உட்கார்ந்து ஊருக்குக் கடிதம் எழுதுவேன். சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு இலை அசையாது. பதில் கடிதத்தில் அம்மா, புதுக் காத்தாடி ராத்திரியெல்லாம் உறுமுகிறது, தூக்கம் இல்லை என்று எழுதச் சொல்லியிருப்பாள். எனக்குச் சிரிப்பாக வரும்; இங்கே அந்த உறுமலுக்கு நான் காசு கொடுத்து மேசை விசிறி வாங்கியிருந்தேன்.

பின்னால் வந்த வருடங்களில் முப்பந்தல் பெரிய பேர் எடுத்தது. சினிமாக்காரர்கள் காற்றாடிகளுக்கு நடுவே கதாநாயகியை ஓடவிட்டுப் பாட்டு எடுத்தார்கள். தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டியது. எங்கள் வெளியில் நின்ற காற்றாடிகளின் மின்சாரம் கம்பி வழியாகக் கொங்கு நாட்டு நூற்பாலைகளுக்குக் கணக்கு வைக்கப்பட்டது. 2012-இல் தமிழகமே மின்வெட்டில் தவித்தபோது ஊருக்குப் போயிருந்தேன். வாசலில் கட்டிலைப் போட்டுப் பனைவிசிறியால் விசிறிக்கொண்டு, எதிரே வரிசையாகச் சுற்றிய காற்றாடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அதே சமயம், மின்வாரியம் எங்கள் மின்சாரத்தை எடுத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது, காற்றாடியை நிறுத்தச் சொல்கிறது என்று காற்றாலைக்காரர்கள் குறைபட்டுக்கொண்டிருந்தார்கள். காற்றாடி நடுவதில் இருந்த அவசரம், அதன் மின்சாரத்தை ஊரை விட்டு வெளியே கொண்டுபோகும் மின்பாதையைப் போடுவதில் இருக்கவில்லை. மாடன் கோயில் டியூப்லைட்டும் அந்த மின்வெட்டில் சேர்த்தி.

மழை குறைந்தபோது, காற்றாடி மேகத்தை விரட்டுகிறது என்ற பேச்சு கிளம்பியது. இறக்கை எட்டுகிற உயரம் வேறு, மழைமேகம் தவழும் உயரம் வேறு. அந்தப் பேச்சுக்கு அறிவியலில் ஆதாரம் இல்லை. மழை இல்லாத மேட்டில் காற்று மட்டும் வீசியதால்தான் காற்றாடி வந்தது, காற்றாடி வந்ததால் மழை போகவில்லை என்று நான் தொலைபேசியில் விளக்குவேன். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்பார் பெரியப்பா. மேகம் அவர் கைக்கு எட்டாதது என்றாலும், தன் வெளிக்கு என்னவோ ஆகிவிட்டது என்று சொல்ல அவரிடம் வேறு குற்றச்சாட்டு எதுவும் மிச்சமில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்.

இப்போது ஃபேரர் பார்க்குக்கு வருகிறேன். இங்கேயும் ஒரு வெளி இருந்தது, நான் கடிதம் எழுதிய அதே திடல். 1998-ஆம் ஆண்டுப் பெருந்திட்டத்திலேயே அது குடியிருப்புக்கென்று குறிக்கப்பட்டிருந்தது. குறித்தது வரைபடத்தில் என்பதால் பந்து விளையாடியவர்களுக்குத் தெரியவில்லை. 2021-இல், சுமார் 1,600 வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகள் வரப்போகின்றன என்று தெரிந்ததும் வட்டாரமே கிளர்ந்தது. எங்கள் மேசையில் இங்கேயே பிறந்து வளர்ந்த அங்கிள் ஒருவர் உண்டு. காற்பந்துக் காலில் இன்னும் தழும்பு வைத்திருப்பவர். மனு எழுத அவர்தான் உட்கார்ந்தார். தமிழில் சரிபார்க்க என்னை வைத்துக்கொண்டார்.

அந்த மனுவைப் படிக்கிறவர்களுக்குக் கண் நிறைந்துவிடும். 1842-இல் தொடங்கிய பந்தயக் கழகத்தின் குதிரைகள் ஓடிய மண் இது. 1933-இல் பந்தயம் புக்கிட் தீமாவுக்குப் போகிற வரையில் இதுதான் பந்தயத் திடல். 1911 மார்ச்சில் யோசெஃப் கிறிஸ்தியான்ஸ் என்ற பெல்ஜியக்காரர் சிங்கப்பூரின் முதல் விமானத்தை இங்கிருந்துதான் கிளப்பினார். 1942 பிப்ரவரி 17-இல் பிரிட்டிஷாரிடமிருந்து ஜப்பானியர் கைக்கு ஒப்படைக்கப்பட்ட இந்தியச் சிப்பாய்கள் இங்கேதான் கூட்டப்பட்டார்கள். இந்திய தேசிய இராணுவத்தின் கதை இங்கேதான் தொடங்குகிறது. ஐம்பதுகளில் அரசியல் கூட்டங்கள். பிறகு தலைமுறை தலைமுறையாகக் காற்பந்து, நீச்சல், குத்துச்சண்டை. "இதப் போயி எப்படிங்க காலி இடம்னு சொல்றாங்க?" என்று அங்கிள் மேசையைத் தட்டினார். கோப்பி சிந்தியது. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் புல்லில் உட்கார்ந்து கடிதம் எழுதியவர்களைப் பற்றி ஒரு வரி சேர்க்கலாமா என்று கேட்டேன். "அதெல்லாம் வரலாறு ஆகாது தம்பி" என்றார். சரிதான் என்று விட்டுவிட்டோம்.

அதிகாரிகள் பொறுமையாகக் கேட்டார்கள். வீடுகள் வருவது வருவதுதான். ஆனால் குத்துச்சண்டைக் கூடமும் நீச்சல் வளாகமும் பேர் சொல்ல மிஞ்சும், விளையாட ஒரு திடலும் இருக்கும் என்று திட்டம் அமைந்தது. முழு வெற்றி என்று அங்கிள் ஒப்புக்கொள்ளவில்லை. எனக்கோ மலைப்பாக இருந்தது. எங்கள் ஊரில் ஒரு டியூப்லைட்டோடு திருப்தி அடைந்திருந்தோம்.

அதே மேசைக்கு அவ்வப்போது வருகிற இன்னொருவர் மன்னார்க்காரர். 2025 ஆகஸ்ட்டிலிருந்து அவர் கைபேசியை மேசையில் கவிழ்த்து வைப்பதே இல்லை. மன்னார்த் தீவில் ஏற்கெனவே இலங்கை மின்சார சபை நிறுவிய தம்பபவனி காற்றாலை 2020 டிசம்பரிலிருந்து ஓடுகிறது. 30 காற்றாடிகள், 103.5 மெகாவாட். ஒவ்வொன்றின் சுழல்வட்டமும் 126 மீட்டர் குறுக்களவு. எங்கள் ஊருக்கு முதலில் வந்த காற்றாடி, இறக்கையோடு சேர்த்தாலும் அந்த வட்டத்துக்குள் நிமிர்ந்து நிற்கும். மேலே இடமும் மிஞ்சும். அதன்மேல் அதானி நிறுவனம் மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட்டுக்குத் திட்டம் போட்டது. சுற்றுச்சூழல் அமைப்புகளும் மன்னார் ஆயரும் உச்ச நீதிமன்றம் போனார்கள். புதிய அரசு விலையைக் குறைக்கச் சொன்னது. 2025 பிப்ரவரியில் அந்த நிறுவனம் விலகிக்கொண்டது. ஆனாலும் வேறு நிறுவனங்களின் சிறிய திட்டங்கள் மிச்சமிருந்தன. ஆகஸ்ட்டில் அவற்றின் பாகங்களை ஏற்றி வந்த லொறிகளை மறித்து மன்னார் மக்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். அதிபர் அநுர குமார திசாநாயக்க ஒரு மாதம் நிறுத்தி வைத்தார். செப்டம்பரில் வேலையைத் தொடர முடிவானது. மாதக் கடைசியில் பொலிஸ் தடியடி, கடையடைப்பு.

நான் எங்கள் மேசையின் காற்றாலை நிபுணன். பிறந்த ஊரை வைத்து அந்தப் பதவி கிடைத்தது. கரியமிலக் கணக்கெல்லாம் சொல்லி, "காற்றாலை வராமல் இலங்கை எத்தனை காலம் எண்ணெயும் நிலக்கரியும் வாங்கும்?" என்று கேட்டேன்.

"காத்தாலை வேண்டாம் எண்டு ஆரும் சொல்லேல்லை" என்றார் அவர். "தீவுக்குள்ள வேண்டாம், பெருநிலத்தில வையுங்கோ எண்டுதான் சனம் கேக்குது. உந்தக் காத்தாலையளுக்கு ரோட்டுப் போட்டாப் பிறகு மழைத்தண்ணி வடியிறேல்லை எண்டு சொல்லினம். மீன் விலகிப் போட்டுது எண்டு கடற்தொழிலாளர் சொல்லினம். வடக்கத்தைய நாடுகளில இருந்து வாற பறவையளின்ர பாதை வேற அது."

"மீன் விலகியதற்கு ஆதாரம் உண்டா?"

"உங்கட ஊரில ஆதாரம் கேட்டிட்டே காத்தாலை வைச்சவை?"

அங்கிள் இடையில் புகுந்தார். தேசம் முன்னேற வேண்டுமென்றால் யாராவது கொஞ்சம் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும், மன்னாரில் இடம் நிறையக் காலியாகத்தானே கிடக்கிறது, படத்தில் பார்த்தேனே என்றார். மன்னார்க்காரர் பதிலே சொல்லவில்லை. வெளியே, திடல் இருக்கும் திசையை மட்டும் பார்த்தார். அங்கிளுக்குப் புரியவில்லை, இன்னொரு கோப்பி வாங்கிவரப் போனார்.

அவர் போன திசையில் சுவரில் விசிறிகள் ஓடிக்கொண்டிருந்தன. சிங்கப்பூரின் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு இறக்குமதி எரிவாயுவிலிருந்து வருகிறது. காற்றுக்காக இங்கே எரிவாயு எரிகிறது. சிங்கப்பூர் நிறுவனமான செம்ப்கார்ப்புக்குத் தமிழ்நாட்டில் காற்றாலைகள் இருக்கின்றன. எங்கள் பக்கத்து ஆட்கள் வேலை தேடி இங்கே வருகிறார்கள். இங்கத்து மூலதனம் காற்றைத் தேடி அங்கே போகிறது. இரண்டும் நடுக்கடலுக்கு மேல் எங்கேயோ ஒன்றையொன்று கடந்து போகின்றன, வணக்கம்கூடச் சொல்லிக்கொள்ளாமல்.

ஊரிலும் இப்போது காலம் மாறியிருக்கிறது. பழைய சின்னக் காற்றாடிகளுக்கு வயதாகிவிட்டது. அவற்றை எடுத்துவிட்டு அதே இடங்களில் பெரியவற்றை நிறுத்துவதற்கு 2024-இல் தமிழக அரசு ஒரு கொள்கையே வெளியிட்டது. காற்று அதே காற்றுதான். பத்து சின்னவை செய்த வேலையை ஒரு பெரியது செய்துவிடும். அந்தப் பெரியதின் இறக்கை ஒன்றைக் கொண்டுவருவதற்கே சாலை அகலமாக வேண்டும், வளைவுகள் நிமிர வேண்டும், மின்கோபுரங்கள் வயலுக்குள் இறங்க வேண்டும். ஆனால் இந்த முறை கோயில் முன்னால் உட்காருகிறவர்கள் வேறு ஆட்கள். என் அண்ணன் மகன் பொறியியல் படித்தவன். ஆட்டுக்காரர்களையும், நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களையும் முன்வரிசையில் உட்காரவைத்திருக்கிறான். விற்பனை கிடையாது, குத்தகை மட்டும். ஓடைப் புறம்போக்கைத் தொடக்கூடாது. வீட்டுக்கும் காற்றாடிக்கும் எவ்வளவு தூரம் என்பதை எழுத்தில் தர வேண்டும். டியூப்லைட் பற்றிப் பேச்சே இல்லை. வீடியோவில் பார்த்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. கூடவே, நாட்டுக்கு வேண்டிய திட்டத்தில் இப்படி நிபந்தனை மேல் நிபந்தனை போடலாமா என்றும் தோன்றியது. ஃபேரர் பார்க்கில் குடியிருந்தால் அப்படித்தான் தோன்றும்.

சென்ற மாதம் அவன் அழைத்தான். "சித்தப்பா, அங்க ஒரு மைதானத்துக்கு மனு எழுதி ஜெயிச்சியள்லா, அத அனுப்புங்க. கலெக்டருக்குக் கொடுக்க அதுமாதிரி ஒண்ணு வேணும். ஊர்ப்பேர மட்டும் மாத்திக்கிடுதோம்."

அனுப்பினேன். காற்பந்து என்று வருகிற இடத்தில் ஆடு, குத்துச்சண்டைக் கூடம் என்று வருகிற இடத்தில் மாடன் கோயில் என்று நானே மாற்றிக் கொடுத்தேன். கடிதம் எழுதியவர்களைப் பற்றி அங்கிள் வேண்டாம் என்ற வரியை, விறகு வெட்டியவர்களைப் பற்றியதாக்கிச் சேர்த்தேன். கச்சிதமாகப் பொருந்தியது. ராத்திரியே திரும்ப அழைத்தான்.

"எல்லாம் சரி சித்தப்பா. இதுல மொதல் வரியிலயே 1842னு போட்டிருக்கியள. நாம அந்த எடத்துல என்ன போட?"

யோசித்துப் பார்த்தேன். எங்கள் வெளியில் யார் எப்போது விதைத்தார்கள், எந்த வருடம் எத்தனை ஆடு மேய்ந்தது என்று எழுதி வைத்தவர் இல்லை. குதிரை ஓடவில்லை. விமானம் கிளம்பவில்லை. அந்த மண்ணைப் பற்றி எழுத்தில் இருப்பது ஒரே ஒரு காகிதம்தான்.

"பத்திரம் பதிஞ்ச வருஷத்தப் போடு. 1993."

"அது நாம வித்த வருஷம்லா?"

"ஆமா. அதுக்கு முந்தி அது காலி எடமா கிடந்துச்சுன்னு அவங்களும் அந்தப் பத்திரத்தத்தான் காட்டுவாங்க."